கேசு மாட்டுக் கொட்டகை

எனக்குக் கோர்வையாக எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் வேதக் கோயிலை ஒட்டி உபதேசியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்காக நான் எழுதியது என் பெயரை மட்டும். இப்போது வயதும் ஆகிவிட்டது. ஆட்களின் பெயர் வாய்வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. மாடுகள் மட்டும் நிறம், கொம்பு, சுழியோடு ஞாபகத்தில் இருக்கின்றன. முன்னுக்குப் பின்னாகச் சொல்லியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னவர் இப்போது எங்கள் மாட்டாஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மா. பழைய ஊழியர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் மரியாதை செய்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “அம்மா, உங்க காலத்துல மாடு குதிரையைக் கொடுமைப்படுத்தினவங்களுக்குத் தண்டனை ஒழுங்காக் கெடைச்சுச்சா?” என்று கேட்டார். “கெடைச்சுச்சுங்க” என்றேன். கொஞ்சம் பொறுத்து, “இல்லீங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். சட்டத்தில் அன்றைக்கு எழுதின அபராதம்தான் இன்றைக்கும் இருக்கிறது, ஒரு காசு ஏறவில்லை என்றும் சொன்னார். ஆட்கள் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை, அவர்கள் போடும் நினைவு மலருக்காக இங்கே எழுதுகிறேன்.

ராஜாவின் சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு நாங்கள் சேர்ந்த வருஷம் வேலையில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனவர். முதலில் கடுதாசி வந்தது. பிறகு கடுதாசி மட்டும் நின்றதா, ஆளே இல்லையா என்று தெரியவில்லை. புருஷன் இருக்கிறவளா இல்லாதவளா என்று தெரியாத பெண்ணைக் கல்யாண வீட்டில் எங்கே உட்கார வைப்பது என்று சொந்தக்காரர்களுக்குக் குழப்பம். அதனால் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். நான் புல்லறுத்து, ஜட்கா நிற்கும் இடத்திலும் மாட்டாஸ்பத்திரியிலும் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தண்ணீர் இறைக்க ஆள் இல்லாதபோது நான் இறைத்துக் கொடுத்தேன்; அதுவே கடைசியில் வேலையாக ஆகிவிட்டது. தீவனக் கொட்டகையை ஒட்டி ஒரு தகர அறை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

வேலையைப் பழகிக்கொண்டதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மிரளும் குதிரைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மருந்தை மூங்கில் குழாயில் ஊற்றும்போது மாட்டின் நாக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உதை வாங்கித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. கேசு மாட்டுக் கொட்டகை என்று அதற்குப் பெயர். அதிக பாரம் ஏற்றினார்கள், புண்ணோடு ஓட்டினார்கள், ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்தினார்கள் என்று போலீஸ்காரர்கள் பிடிக்கும் மாடுகளையும் ஜட்காக் குதிரைகளையும் கேசு முடிகிறவரைக்கும் அங்கே கட்டி வைத்தியம் பார்க்க வேண்டும். அந்தக் கொட்டகை என் பொறுப்பு. 

பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். போலீஸ்காரர் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார். வண்டி ஓட்டினவன் கோர்ட்டில் கையைக் கட்டி நிற்பான். அபராதம் கட்டுவான். மாடு போய்விடும். வெயில் காலத்தில் போன மாடு மழைக்கு முன்னால் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பி வரும். கொட்டகைக்குள் நுழைந்ததும் அது போன தடவை கட்டியிருந்த முளைக்கே நேராகப் போய் நிற்கும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும்.

நான் மற்ற பெண்களோடு பழகுவது குறைவு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் என் மேல் மாட்டு மருந்து டர்பண்டைன் வாடை அடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைத் தூக்கி மடி மாற்றுகிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நானே பிறகு கடைசித் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டேன். மற்ற நாட்களில் டாக்டர், கம்பவுண்டர், கொட்டகையில் நிற்கும் வாயில்லாச் சீவன்கள், இவ்வளவுதான் என் உலகம்.

அப்போது இருந்த டாக்டர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எத்தனையோ டாக்டர்கள் மேலதிகாரிகளாக இருந்தார்கள். அவர்களில் என்னை “நீங்க” என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கொட்டகைக்குள் வரும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார். சாமி நினைப்பில் அல்ல. வண்டிக்காரர்களின் தோல் செருப்புச் சத்தம் கேட்டால் அடி வாங்கின மாடு மூத்திரம் விட்டுவிடும்; அதற்காக. வந்ததும் புண்ணைப் பார்க்க மாட்டார். மாட்டின் தோளில் உள்ளங்கையை அமுக்கி வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். மாடு மூச்சை இழுத்துப் பெரிதாக விடும். அதற்குப் பிறகுதான், “சூசையம்மா, கயித்தைப் பிடிங்க” என்பார். அவர் கோபப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கழுவின கையைச் சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவுவார். அதைப் பார்த்ததும் கம்பவுண்டர் மருந்து அறைக்குள் போய்விடுவார்.

அவர் காலத்தில் வந்ததுதான் மயிலைக்காளை. மிருகவதையைத் தடுக்கப் புதுச் சட்டம் ஒன்று வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

திருமயம் பக்கத்துக் கல் குவாரியிலிருந்து கருங்கல் ஏற்றி வந்த வண்டி. மேட்டில் மயிலை மண்டி போட்டுப் படுத்துவிட்டது. அடித்தும் எழவில்லை, வாலை முறுக்கியும் எழவில்லை. பின்பக்கத்தில் வைக்கோலைப் போட்டுத் தீ வைத்துவிட்டார்கள். அப்போதும் அதனால் எழ முடியவில்லை. அந்த வழியாக பஸ்ஸில் வந்த ஏட்டு ஒருவர் இறங்கிக் கேசு எழுதி, இன்னொரு வண்டியில் மாட்டைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

கழுத்தில் நுகத்தடி படும் இடத்தில் டாக்டரின் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே புழு. பின் தொடையில் தீக்காயம். நான் முதலில் தண்ணீர் காட்டினேன். குடிக்காமல் வாயை மட்டும் நனைத்தது.

வைத்தியத்தை எழுதுகிறேன், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஊசி மட்டும்தான் தெரியும் என்கிறார்கள். வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறின தண்ணீரால் முதலில் கழுவ வேண்டும். பிறகு டர்பண்டைனில் நனைத்த பஞ்சைப் புழு இருக்கும் குழியில் வைத்து அடைத்துக் காத்திருக்க வேண்டும். மூச்சு முட்டி ஒவ்வொன்றாக வெளியே வரும். இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் நாளைக்கு அத்தனையும் திரும்ப இருக்கும். அப்புறம் ஊதா மருந்துத் தண்ணீர், களிம்பு. புண்ணைச் சுற்றி, ஈ அண்டாமல் இருக்க, தார் மாதிரியான கீல் பூச வேண்டும். எல்லாம் முடிந்தாலும் வேலை முடியாது, காக்கை இருக்கிறது. கழுத்துப் புண் உள்ள மாட்டைத் தனியே விட்டால் காக்கை வந்து கழுத்தில் உட்கார்ந்து கொத்தும். மாட்டுக்கு அந்த இடத்துக்கு வாலும் எட்டாது, கொம்பும் எட்டாது. அதனால் நான் ஒரு குச்சியோடு பக்கத்திலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். யாரோடும் பேசாதவளுக்கு அந்த மாட்டோடு பேச எவ்வளவோ இருந்தது. கண்டியைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி ஓட்டினவர் பெயர் பழனியாண்டி. கேசு அவர் மேல்தான். அவரைப் பார்த்தால் முகத்தில் துப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் ஒரு கட்டுக் கடலைக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“தாயி, இதை அதுக்குப் போடுங்க. வைக்கோலு அதுக்கு எறங்காது, கடலைக்கொடின்னா திங்கும்.”

“தீ வச்ச கையாலயா கொண்டாந்தீக?” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் கட்டைக் கீழே வைத்தார். “ஏத்துறது மொதலாளி ஆளுக. கல்லு போயிச் சேரலைன்னா எனக்குக் கூலி கெடையாது. மாடு படுத்துருச்சுன்னு சொன்னா, நீயும் கூடப் படுத்துக்கடான்னு சொல்லுவாரு. அடிக்கிறது மட்டும் நானு.” பிறகு, “தீயும் நாந்தான் வச்சேன், இல்லைங்கலை” என்றார்.

மயிலை அவர் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றது. பிரியத்தில் எழுந்ததா, பயத்தில் எழுந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி வருவார். கொடியைப் போட்டுவிட்டுத் தூரத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டுப் போவார்.

மாடு ஒரு காண்ட்ராக்டருடையது. அவர் பெயரை எழுதவில்லை; அவர் பேரன் பேத்திகள் நன்றாக இருக்கட்டும். அபராதத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவருக்கு மாடு திரும்ப வேண்டும், நல்ல இழுப்பு மாடு அது. டாக்டருக்கு மாடு அங்கே திரும்பிப் போகக் கூடாது. ஒரு நாள் களிம்பு தடவும்போது எனக்கு விளங்கும்படி சொன்னார்: “புதுச் சட்டத்துல, சொந்தக்காரன் மேல குத்தம்னு ஆயி, மாடு திரும்பவும் வதைபடும்னு கோர்ட்டுக்குத் தோணுச்சுன்னா, மாட்டை அவன்கிட்ட இருந்து எடுத்துடலாம். ஆனா நம்ம போலீசு குச்சி வச்சிருந்த ஆளைத்தானே எழுதியிருக்கு? சொந்தக்காரன் பேரே இதுல இல்லை. பாரம் ஏத்தச் சொன்னது மொதலாளின்னு பழனியாண்டி வாயைத் தொறந்து சொன்னா ஒரு வழி இருக்கு. இல்லைன்னா, இது வேலைக்கு லாயக்கில்லைன்னு நான் சொல்றதை மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்கணும்.”

அதற்குள் வாய்தா மேல் வாய்தா. ஒரு தடவை காண்ட்ராக்டர் வைத்த வக்கீல் வரவில்லை. ஒரு தடவை மாஜிஸ்ட்ரேட் முகாம் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் புண் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. தீக்காயம் உதிர்ந்து புது மயிர் வந்தது. தொழுவத்தில் அசையாமல் நின்று கடலைக்கொடி தின்று மாடு மினுமினுவென்று ஆகிவிட்டது. நுகத்தடிப் புண் ஆறின இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும். செவலை மாடாக இருந்திருந்தால் அந்தத் தழும்பு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்திருக்கும். இது மயிலை, சாம்பல் வெள்ளை. வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது.

ஏட்டையா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா சூசையம்மா, இப்படியா வைத்தியம் பாப்பீக? மாடு பொழைச்சுக்கிச்சு, என் கேசு செத்துப் போச்சே! அந்த வக்கீலு மாட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டாரணும்னு மனுப் போட்டுருக்காரு. இதைக் கொண்டு போனா, சல்லிக்கட்டுக்கு விடவான்னு கேப்பாங்க.”

கம்பவுண்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “கோர்ட்டு நாள் வரைக்கும் மருந்து போடாத. பொருக்கைத் தேச்சு விட்டுட்டு, காக்காயை வெரட்டாம இங்கிட்டு வந்து ஒக்காந்துக்க. புண்ணு தானா காட்சிக்கு வந்துரும்” என்றார். அவரும் மாட்டின் நல்லதுக்குத்தான் சொன்னார். புண்ணை ஆறாமல் விட்டால் மாடு தப்பிக்கும். புண்ணை ஆற்றினால் மாடு காண்ட்ராக்டரிடமே போய்விடும்.

கடைசியில் டாக்டரிடமே கேட்டேன். அவர் அப்போதுதான் கை கழுவி முடித்திருந்தார். சோப்பை எடுத்து மறுபடியும் கழுவினார்.

“புண்ணை வளக்குறதுக்கு ஆஸ்பத்திரி வைக்கலை, சூசையம்மா. நீங்க மருந்து போடுங்க.”

போட்டேன்.

கோர்ட்டுக்கு நானே கயிற்றைப் பிடித்து மாட்டை நடத்திக்கொண்டு போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். பழனியாண்டியைக் கூப்பிட்டதும் உள்ளே போய், “தப்பு என்னுதுதான் சாமி” என்று சொல்லிவிட்டார். பாரம் யார் ஏற்றியது என்று ஏட்டையா மாஜிஸ்ட்ரேட்டைக் கேட்க வைத்தார். காண்ட்ராக்டர் பின்னால் சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பழனியாண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நாந்தான் ஏத்தினேன்” என்றார். இனி மாடு யாரிடம் போகும் என்பது மட்டும்தான் மிச்சம்.

அதைத் தீர்க்க மாஜிஸ்ட்ரேட் வராந்தாவுக்கு வந்தார். நல்ல மனுஷர், கண்ணாடி போட்டவர், இளவயது. வக்கீல் முன்னால் வந்து டாக்டரைக் கேட்டார்.

“சர்டிபிகேட்டுல உள்ளங்கை அகலப் புண்ணுன்னு எழுதியிருக்கீங்க. யாரோட உள்ளங்கை? உங்களோடதா, தொட்டில் பிள்ளையோடதா?”

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் கையை விரித்துக் காட்டினார். “என்னோடது.”

“இப்ப அந்தப் புண்ணு எங்க இருக்கு?”

“ஆறியிருக்கு.”

“அப்ப இல்லை.”

“மேல் தோல் மூடியிருக்கு. நுகத்தடி பட்டாத் திரும்பவும் பிஞ்சு போகும். இன்னும் சில மாசம் கழுத்துல ஒண்ணும் படக்கூடாது. அதுக்கப்புறமும் கல் பாரம் ஆகாது. தொட்டுப் பாத்தா அந்தத் தோல் எவ்வளவு மெலிசுன்னு தெரியும்.”

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

வக்கீல், “தொடுறது எதுக்குங்க? ஓட்டியே பாத்துடலாம்” என்று கையை ஆட்டினார். ஒரு வெற்று வண்டி கோர்ட்டு வளாகத்துக்குள் வந்தது. ஒரு பக்கத்தில் மயிலையின் பழைய ஜோடி, ஒரு கறுப்புக் காரி மாடு, பூட்டியிருந்தது. மறுபக்கம் காலி. மாஜிஸ்ட்ரேட் சரி என்று தலையசைத்தார். பழனியாண்டியைத்தான் போய் நுகத்தடியைத் தூக்கச் சொன்னார்கள். அவர் தூக்கிப் பிடித்து, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார்.

கல் வண்டி மாடுகளை எப்படிப் பழக்குவார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நுகத்தடியைத் தூக்கிச் சத்தம் கொடுத்ததும் மாடே நடந்து வந்து தலையைக் குனிந்து கழுத்தை உள்ளே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொடையில் ஆணி இறங்கும். கன்றுப் பிராயத்திலிருந்து அதுதான் பாடம். பாரம் எவ்வளவு என்று மாட்டுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் தெரியும்.

என் கையில் இருந்த கயிறு வழுக்கிக்கொண்டு போனது. மயிலை நடந்து போய், ஜோடிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் திரும்பி நின்று, தலையைக் குனிந்து கழுத்தை வைத்தது.

“பாத்தீங்களா சார்!” என்றார் வக்கீல். “வதைபட்ட மாடு இப்படித் தானா போயிக் கழுத்தைக் கொடுக்குமா? தீபாவளிக்கு மாமியா வீட்டுக்குப் போற மாப்பிள்ளை மாதிரியில்ல போகுது!”

மரத்தடியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, “அது விரும்பிப் போகலைங்க, சாமி” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். “போகலைன்னா குத்துவாங்கன்னு போகுது. பழக்கம் அது. பிரியம் இல்லீங்க.”

“யாரும்மா நீங்க?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். கோபமாக இல்லை.

“சாட்சி லிஸ்ட்டுல இல்லீங்க” என்றார் குமாஸ்தா.

“மாட்டுக்கு வக்கீலு போல. வக்காலத்து இருக்கான்னு கேளுங்க” என்றார் வக்கீல். மறுபடியும் சிரிப்பு.

மாஜிஸ்ட்ரேட்டும் லேசாகச் சிரித்தார். “சரிம்மா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க.” ஒதுங்கி நின்றேன்.

பழனியாண்டிக்கு அபராதம். காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளை அங்கேயே கட்டிவிட்டார். மாடு சொந்தக்காரரிடம். “அளவோட பாரம் ஏத்துங்க” என்று மாஜிஸ்ட்ரேட் புத்தி சொன்னார். “உத்தரவுங்க” என்றார் காண்ட்ராக்டர். பூட்டின மாட்டை அவிழ்க்காமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நானும் டாக்டரும் நடந்து திரும்பினோம். அவர் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் நின்று, “நாம ரெண்டு பேரும் வேலையைச் சரியாத்தான் செஞ்சோம்” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கொட்டகையில் வேறு மாடு இல்லை. கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காக்கை ஒன்று வந்து வெறும் முளை மேல் உட்கார்ந்தது. விரட்டவில்லை.

சில வாரம் கழித்து ரோட்டில் கல் வண்டிச் சத்தம் கேட்டது. பார்த்தால், வண்டி பாரத்தோடு ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பி நிற்கிறது. பழனியாண்டி இறங்கி வந்தார்.

“நான் திருப்பலை தாயி. அதுவாத் திரும்புது. அங்கிட்டு இழுத்தாலும் இங்கிட்டுத்தான் வருது.”

கழுத்தில் டாக்டர் சொன்ன இடம் பிய்ந்து ரத்தம் வந்திருந்தது. கழுவி மருந்து போட்டேன். கேசு இல்லாத மாட்டுக்கு நேரங்கெட்ட நேரத்தில் மருந்து போடக் கூடாது. டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாளிலிருந்து களிம்பு டப்பா மருந்து அறைக்குள் போகாமல் வெளிப்படியில் இருந்தது.

ஏட்டையாவைப் பார்த்தபோது, “இன்னொரு கேசு எழுதுங்க” என்று கேட்டேன்.

“எழுதலாம்” என்றார். “பழனியாண்டிக்கு இன்னொரு அபராதம். மாடு இங்கிட்டு வரும், நீங்க ஆத்துவீக. அது கோர்ட்டுக்குப் போயி நல்ல புள்ளையாக் கழுத்தைக் கொடுக்கும். ராட்டினம் சுத்துற மாதிரி எத்தனை தடவைம்மா சுத்துறது?” கொஞ்ச நேரம் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். “அந்த ஆளு வாயைத் தொறக்கணும். அவனுக்கும் வயிறு இருக்கு.”

அந்தப் போக்குவரத்து சில மாசம் நடந்தது. வண்டி வாசலில் நிற்கும். நான் தண்ணீர் காட்டி மருந்து போடுவேன். பழனியாண்டி எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் பீடி குடிப்பார். எங்கள் மூன்று பேருக்குள் பேச்சு அதிகம் இல்லை. ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்காத நாள் எனக்கு நீளமாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் வண்டி வந்தது. காரி மாடு பழைய இடத்தில் இருந்தது. மயிலை இருந்த பக்கத்தில் வேறு ஒரு செவலை. காரிதான் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. செவலைக்கு ஏன் நிற்கிறோம் என்று புரியவில்லை, மிரண்டு பார்த்தது.

“மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிட்டாக தாயி” என்றார் பழனியாண்டி. “கழுத்துல நெதம் ரத்தம் வந்தா எவன் வச்சுக்கிருவான்?”

“யாரு வாங்கினது?”

“மேக்க இருந்து வந்த லாரிக்காரவுக.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மேற்கே லாரியில் போகும் மாடு கத்திக்குத்தான் போகிறது என்று மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நுகத்தடியைப் பிடித்தபடியே கேட்டார்.

“அன்னைக்குக் கோர்ட்டுல மொதலாளி பேரைச் சொல்லியிருந்தா, அது உங்ககிட்டயே நின்னுருக்குமா?”

“தெரியலைண்ணே.”

“நாலு புள்ளைக தாயி.”

“தெரியும்ணே” என்றேன். இரண்டு மாட்டுக்கும் தண்ணீர் காட்டினேன்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். ஏட்டையாவும் போனார். கொஞ்ச காலத்தில் கல் வண்டிகள் குறைந்து லாரி வந்துவிட்டது. நான் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன். ஆனால் டாக்டரம்மா கேட்டதுக்குப் பதில் மயிலையிலேயே இருக்கிறது.

தண்டனை கிடைத்ததா என்றால் கிடைத்தது. நான் பார்த்த கேசுகளில் அபராதம் இல்லாமல் போனவை குறைவு. ஆனால் கூண்டில் ஏறி நின்றது எப்போதும் குச்சி பிடித்தவன்தான். பாரத்துக்குச் சொந்தக்காரன் ஏறி நான் பார்த்ததே இல்லை. அவனுக்கு அது சுங்கம் கட்டுகிற மாதிரி ஒரு செலவு. சட்டம் புண்ணைத்தான் கேட்கிறது. புண் ஆறிவிட்டால் அதற்கு வேலை முடிந்துவிட்டது. ஆற வைக்கிறதுதான் என் வேலையாக இருந்தது. புதுச் சட்டம் போடுகிறவர்கள் இதற்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கட்டும், எனக்கு அவ்வளவு தெரியாது.

டாக்டரம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். அந்த வருஷம் எது, சட்டத்தில் எந்தப் பிரிவு, பழனியாண்டியின் ஊர் எது என்பதையெல்லாம் தெரிந்தவர்களைக் கேட்டுச் சரிபார்த்துத்தான் மலரில் போட வேண்டும். கோர்ட்டில் பழைய கேசுக் கட்டுகளை வைத்திருப்பார்கள் என்கிறார்கள். செல்லரிக்காமல் இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள். மாடு தானாகப் போய் நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். குமாஸ்தா எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். மற்ற எதுவும் எப்படி இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு வரி சரியில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத இப்போதும் இடம் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.